ஓடாத வண்டியின் சைலன்ஸரைத் துரு தின்பது ஏன்?

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலுள்ள பழைய வீடுகளின் கார் கொட்டகைகளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாஸிடர், பியட் போன்ற கார்களை இன்றும் காணலாம். இவற்றில் பல, வருடத்தில் சில நாட்களே தெருவுக்கு வருகின்றன. கழுவித் துடைத்து, துணி போர்த்திப் பாதுகாக்கப்படும் இந்தக் கார்களில் முதலில் கெட்டுப் போகும் பாகங்களில் ஒன்று, அடியில் கண்ணில் படாமல் தொங்கும் சைலன்ஸர். வெளியே பார்த்தால் பெயிண்ட் பளபளக்கும்; விரலால் அழுத்தினால் தகடு அப்பளம் போல் நொறுங்கும்.

கார் வைத்திருப்பவர்களின் இந்தக் கவலைக்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. நாற்றங்காலுக்குச் சேறடித்த பின் பவர் டில்லர் அடுத்த பட்டம் வரை கொட்டகையில் நிற்கிறது. கிணற்றுக்கு மின் இணைப்பு வந்த பின் டீசல் என்ஜின், கரண்ட் இல்லாத நாளில் மட்டும் ஓடுகிறது. பழைய டிராக்டர் உழவு முடிந்ததும் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. நகரத்துப் பழைய காரைத் தின்னும் அதே துரு, இந்த இயந்திரங்களையும் அதே வழியில்தான் தின்கிறது. ஆகவே காரைக் காப்பாற்றும் முறையே இவற்றையும் காப்பாற்றும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழைத் தண்ணீர் புகுந்துதான் சைலன்ஸர் துருப்பிடிக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மையே. பெரும்பகுதித் தண்ணீரை என்ஜினே உண்டாக்குகிறது.

பெட்ரோலிலும் டீசலிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் அல்லது டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். 5 குதிரை சக்தி டீசல் என்ஜின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். அப்படியானால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அதன் புகைக் குழாய் வழியே ஆவியாக வெளியேறுகிறது என்று பொருள்.

சைலன்ஸர் நன்றாகச் சூடேறியிருந்தால் இந்த ஆவி புகையோடு வெளியே போய்விடும். குளிர்ந்திருந்தால், சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பது போல, உள் தகட்டில் துளித் துளியாகத் தங்கிவிடும். காலையில் முதல் முறை கார் கிளப்பும்போது பின்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது இதனால்தான். பெட்ரோல் காரில் சைலன்ஸர் தகடு சுமார் 50 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் ஆவி நீராக மாறத் தொடங்கும். என்ஜினுக்கு அருகிலுள்ள குழாய் சில நிமிடங்களில் சூடாகிவிடுகிறது. கடைசியிலுள்ள சைலன்ஸர் சூடாக நெடுநேரம் பிடிக்கிறது. காரில் பின் சைலன்ஸர் முதலில் ஓட்டையாவதற்குக் காரணம் இதுவே.

தங்குவது வெறும் தண்ணீரும் அல்ல. எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து, ஈரத்துடன் கலந்து அமிலமாகிறது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ்.6 டீசலிலும் பெட்ரோலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இதனால் அமிலத் தொல்லை முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பழைய சைலன்ஸர்களுக்குள் முன்பே படிந்த கரியிலும் துருவிலும் அமிலம் ஊறிக் கிடக்கிறது. ஈரம் பட்டதும் அது மறுபடி வேலை செய்யத் தொடங்கும்.

ஐந்து நிமிடம் ஓட்டுவது பராமரிப்பு அல்ல

நின்ற வண்டியை வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்தினால் நல்லது என்ற எண்ணம் நகரத்திலும் கிராமத்திலும் பரவியிருக்கிறது. சைலன்ஸரைப் பொறுத்தவரை இதைவிடக் கெடுதலான பழக்கம் இல்லை. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் உண்டாகும். அதை ஆவியாக்கி விரட்டும் அளவுக்குச் சூடு உண்டாகாது. வாரா வாரம் இப்படிச் செய்தால், வாரா வாரம் சைலன்ஸருக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதற்கு ஒப்பாகும்.

மயிலாப்பூர் குளத்தருகே கிளம்பி லஸ் முனையில் நிறுத்தும் காருக்கும் இதே கதிதான். இவ்வளவு சிறிய தூரத்தில் பின் சைலன்ஸர் காய்வதே இல்லை.

மத்திய அரசு 2021-ல் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தனியே பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். இவற்றின் பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் இடம்பெறும். இவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ தொழிலுக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கே அனுமதி உண்டு. ஆகவே இந்தக் கார்கள் நிற்கும் காலம் அதிகம். ஓடும் காலம் குறைவு. விவரம் தெரிந்தவர்கள் இவற்றை அடிக்கடி கிளப்புவதில்லை. பராமரிப்புக்காக எடுக்கும்போது அரை மணி நேரத்துக்குக் குறையாமல், நல்ல வேகத்தில் ஓட்டி, சைலன்ஸர் முழுதும் கொதிக்கக் காய்ந்த பிறகே கொட்டகையில் விடுகின்றனர்.

விவசாயிகளும் இதையே பின்பற்ற வேண்டும். பாட்டரிக்காக டிராக்டரை இரண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதைவிட, பாட்டரியின் ஒயரைக் கழற்றி வைப்பது அல்லது தனியே சார்ஜ் செய்வது நல்லது. கிளப்பினால் சுமையோடு ஓட்ட வேண்டும். டீசல் என்ஜின் சும்மா ஓடும்போது அதன் புகை அதிகச் சூடாவதில்லை. பம்பு தண்ணீர் இறைக்கும்படி அரை மணி நேரம் ஓட்டினால் சைலன்ஸர் காயும். தென்னைக்கும் தண்ணீர் பாயும்.

கடற்காற்றும் உர மூட்டையும்

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் துரு பல மடங்கு விரைவாகும். மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டியவை. கடற்காற்றில் வரும் உப்பு கார்களின் அடிப்பாகத்தில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழையின் ஈரம் அதனோடு சேர்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் மழை பெய்யாத நாளிலும் தகடு நனைந்தே இருக்கிறது.

இத்தகைய அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே தமிழ்நாட்டில் ஓர் இடம் இருக்கிறது. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் அரிக்கப்படுவதையும் அதைத் தடுக்கும் வழிகளையும் ஆராய்ந்து வருகிறது. கடற்கரைக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்பதைப் பார்க்க மண்டபத்திலும் அதற்கு ஓர் ஆய்வுக் கூடம் உண்டு.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோரங்களிலுள்ள விவசாயிகளுக்குக் கடற்காற்றின் கொடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூரில் இருப்பவர்களுக்கோ உப்பு வேறு வழியில் வருகிறது. பொட்டாஷ் உரமும் ஒரு வகை உப்பே. உர மூட்டைகளை அடுக்கிய கொட்டகையில் என்ஜினையும் நிறுத்தி வைத்தால், சிந்திய உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மாட்டுக் கொட்டகையின் சாணமும் மூத்திரமும் அப்படியே. உவர்ப்பான போர்த் தண்ணீரில் வண்டியைக் கழுவி ஈரத்தோடு விடுவதும் தவறு. உரமும் என்ஜினும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. இருக்க நேர்ந்தால் இடையில் சுவராவது வேண்டும்.

நிறுத்தி வைக்கும் முன் செய்ய வேண்டியவை

பட்டம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது கீழ்க்கண்ட வேலைகளைச் செய்தால் போதும். அரை நாளுக்கு மேல் ஆகாது.

1. சைலன்ஸரின் மேலும் அடியிலும் ஒட்டிய சேற்றைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ந்த சேறு ஈரத்தைப் பல நாள் பிடித்து வைக்கும். சூடான சைலன்ஸர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

2. கழுவிய பின் அரை மணி நேரம் சுமையோடு ஓட்டி, உள்ளும் புறமும் காய வைக்க வேண்டும்.

3. முழுதும் ஆறிய பிறகு புகைக் குழாயின் வாயை மூட வேண்டும். டிராக்டரின் நிமிர்ந்த சைலன்ஸருக்கு ஒரு பழைய தகர டப்பாவைக் கவிழ்த்துக் கட்டினால் போதும். இதனால் மழைத் தண்ணீர் புகாது. குளவி கூடு கட்டாது. எலி, அணில் பஞ்சு திணிக்காது. ஈரத்தோடு மூடினால் உள்ளே இருக்கும் தண்ணீரைச் சிறை வைத்ததாகும்.

4. மூடியிருப்பது மறந்து போகாதபடி ஒரு சிவப்புத் துணியை ஸ்டீரிங்கிலோ கைப்பிடியிலோ கட்டி வைக்க வேண்டும்.

5. படுக்கை வசமான சில சைலன்ஸர்களின் அடியில் தண்ணீர் வடிய 2 அல்லது 3 மில்லி மீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். கரியும் சேறும் அதை அடைத்துக் கொள்ளும். ஒரு கம்பியால் குத்தி விட வேண்டும். இதை ஓட்டை என்று எண்ணிப் பற்றவைத்து அடைத்துவிடுவோரும் உண்டு, அது கூடாது.

6. வண்டியை மண் தரையில் நிறுத்தாமல் பலகை அல்லது கல் பாவிய இடத்தில் நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். தார்ப்பாயைக் கூரை போல் மேலே கட்டி, பக்கங்களில் காற்று புக விட வேண்டும். காருக்கும் பருத்தித் துணியே மேல்.

டீசல் பம்ப்செட் அமைக்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொட்டகைக்கு வெளியே செல்லும் புகைக் குழாய், வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சேரும் நீர் வெளியே வடியும். என்ஜின் பக்கம் சரிந்தால் நீர் என்ஜினுக்கே திரும்பும். குழாய் கீற்றுக் கூரையைத் தொடக் கூடாது, தொட்டால் தீப்பிடிக்கும்.

மறுபடி கிளப்பும் போது

புகைக் குழாயில் புகுந்த தண்ணீர் சைலன்ஸரோடு நிற்பதில்லை. என்ஜினில் ஏதாவது ஒரு புகை வால்வு திறந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் இறங்கிவிடும். அங்கே பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து இறுகும். சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது என்ஜினைக் கிளப்பினால் இன்னும் பெரிய நஷ்டம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒரு டப்பா மூடி தடுத்திருக்க வேண்டிய சேதத்துக்கு என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

ஆகவே பல மாதம் நின்ற என்ஜினை உடனே கிளப்பக் கூடாது. முதலில் குழாயின் மூடியை எடுக்க வேண்டும். பம்ப்செட் என்ஜினானால் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடியால் மெதுவாகச் சில சுற்றுச் சுற்ற வேண்டும். தடை இல்லாமல் சுற்றினால் கிளப்பலாம். எங்காவது இடித்தால் பலம் கொண்டு சுற்றாமல் மெக்கானிக்கை அழைப்பதே சிக்கனம்.

வெள்ளம் புகுந்த வண்டி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின் போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகள் மூழ்கின. நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிகளுக்குள் பின்குழாய் வழியாகவும் தண்ணீர் ஏறும். அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினால் மூழ்கிய வண்டிக்குள் தண்ணீரோடு சேறும் இழுக்கப்பட்டு என்ஜின் பழுதாகிவிடும்.

வயலில் வெள்ளம் வந்தாலும் விதி ஒன்றே. மூழ்கிய என்ஜினைக் கிளப்பக் கூடாது. முதலில் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். சைலன்ஸரைக் கழற்றிச் சேற்றைக் கொட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் சாய்த்துக் காய வைக்க வேண்டும். என்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி போல் நிறம் மாறியிருந்தால் முழுதும் மாற்ற வேண்டும். டீசல் என்ஜினில் இன்ஜெக்டரையும் பெட்ரோல் என்ஜினில் பிளக்கையும் மெக்கானிக்கைக் கொண்டு கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

ஓட்டைச் சைலன்ஸர் உயிருக்கு ஆபத்து

சைலன்ஸர் ஓட்டையானால் சத்தம் கூடும், அவ்வளவுதான் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பழைய காரின் அடித்தட்டும் துருப்பிடித்திருந்தால் இந்த வாயு உள்ளே ஏறும். முதலில் தலைவலி, மயக்கம். பிறகு நினைவு தப்பும். பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின்களின் புகையில் இது அதிகம். டீசலில் குறைவு என்றாலும் அடைத்த அறையிலோ கிணற்றுக்குள்ளோ ஓட்டினால் ஆபத்தே. என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. ஓட்டிய கிணற்றில் ஒருவர் மயங்கி விழுந்தால், மற்றவர் அப்படியே பின்னால் இறங்கக் கூடாது. என்ஜினை நிறுத்தித் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

களத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சைலன்ஸர் சத்தத்தைக் குறைப்பதோடு புகையில் வரும் தீப்பொறிகளையும் ஓரளவு தடுக்கிறது. ஓட்டை வழியே பாயும் சூடான புகையும் பொறியும் வைக்கோலில் பட்டால் ஒரு வருட உழைப்பு சில நிமிடத்தில் சாம்பலாகும். கதிரடிப்புக்கு முன் சைலன்ஸரைப் பார்ப்பது, மாட்டுக்கு லாடம் பார்ப்பது போல் வழக்கமாக வேண்டும்.

சோதிப்பதும் சரி செய்வதும்

ஆறிய சைலன்ஸரை ஸ்பானரின் முனையால் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். அசைத்தால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் துருச் செதில்கள் உதிர்ந்திருக்கின்றன. இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. கேஸ்கட்டை மாற்ற வேண்டும். இறுகிய நட்டுகளுக்கு, என்ஜின் ஆறிய பின், டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால் இளகும்.

சிறு ஓட்டையை, சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்தால் மட்டுமே பற்றவைக்கலாம். அரித்த தகட்டில் பற்றவைத்தால் ஓட்டை பெரிதாகுமே தவிர அடையாது. கைவசம் இருக்கும் ஜி.ஐ. பைப்புத் துண்டைப் புகைக் குழாயாகப் பற்றவைப்பது கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை, வெல்டருக்குக் காய்ச்சலும் நெஞ்சடைப்பும் தரும்.

வெளிப்புறத் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிட்டு, வெப்பம் தாங்கும் அலுமினிய பெயிண்ட் அடிக்கலாம். சாதாரண பெயிண்ட் முதல் நாளே கருகி உரியும். கழிவு ஆயிலைத் தடவி ஓட்டினால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பெயிண்ட் வெளிப்புறத்தை மட்டுமே காக்கும். உட்புறத்தைக் காப்பது சூடு ஒன்றே.

பழைய கார் வைத்திருப்போர் சிலர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சைலன்ஸர் செய்து போடுகின்றனர். விலை அதிகம், உழைப்பும் அதிகம். சிறு விவசாயிக்குச் சாதாரண இரும்புச் சைலன்ஸரே போதும். சென்னையில் புதுப்பேட்டையிலும் பிற ஊர்களின் பழைய சாமான் கடைகளிலும் உபயோகித்த பாகங்கள் கிடைக்கின்றன. எங்கே வாங்கினாலும் புதுப் பெயிண்ட்டைப் பார்த்து ஏமாறாமல், தட்டிப் பார்த்தும் தூக்கிப் பார்த்தும் வாங்க வேண்டும். ஒரே மாதிரிச் சைலன்ஸர் இரண்டில் எடை குறைந்தது உள்ளே அரித்துப் போனது.

வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் சென்னை நந்தனத்தில் இருந்தாலும், அதன் பொறியாளர்கள் மாவட்டந்தோறும் கோட்ட, உபகோட்ட அலுவலகங்களில் இருக்கின்றனர். இயந்திரப் பராமரிப்பில் ஐயம் உள்ளவர்கள் அவர்களை அணுகலாம்.

புரட்டாசி முடிவதற்குள், மழை தொடங்கும் முன், ஒரு நாள் ஒதுக்கி என்ஜினைச் சுமையோடு ஓட்டிக் காய வைத்து, குழாயின் வாயை மூடிவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு அரை லிட்டர் டீசலும் ஒரு தகர டப்பாவும்தான்.